டீக்கடைப் பேப்பர்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் காலையில் ஒரு பெரியவர் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை.

"அறுவடைக்குத் தயாராக இருந்த நெற்பயிர்கள் நீரில் மூழ்கியதால் மிகுந்த மனவேதனை அடைந்துள்ளோம்." அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் சொன்னதாம்.

வாசித்தவர் நிறுத்தினார். "அறுக்கப்போற நேரத்துல வயலு பூரா தண்ணிக்குள்ள கெடக்காம்வே. அழுதிருக்கான்."

"அட பாவமே" என்று அப்போதுதான் மற்றவர் வாய் திறந்தார்.

எந்த விவசாயி "மனவேதனை அடைந்துள்ளோம்" என்று பேசுவார்?

திருச்செந்தூர் அருகே காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய 'தந்தி' நாளிதழ், பேச்சை ஒட்டிய எளிய தமிழால்தான் எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அதனால் பேச்சுமொழி வந்தால் பத்திரிகையின் தரம் போய்விடும் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். விவசாயி சொன்னதை அவர் சொன்னபடியே போடலாமே அண்ணாச்சி. நம் பக்கத்து நிருபர்களுக்குத் தெரியாத பேச்சா?

ஆனால் கொலைச் செய்திக்கு "சதக் சதக்" என்று தலைப்பு வைக்கிறார்களே, அது வேறு. அதை யாரும் துக்க வீட்டில் நின்று சொல்வதில்லை. செத்துப்போனவனின் அம்மாவும் அந்தத் தலைப்பைப் பார்க்கிறாள். தாலிச் செயினைப் பறிகொடுத்து கழுத்தில் காயத்தோடு நிற்கிற பெண்ணின் செய்திக்கு மேலே "செயின் அபேஸ்" என்று போட எப்படி மனசு வருகிறது?

தலைப்பு எழுதுகிறவர்கள் நினைத்தால் இன்றைக்கே நிறுத்தலாம்.