இரும்பில் அடித்த பெயிண்ட் உரியாமல் இருக்க

வீட்டிலேயே இரும்புப் பாகங்களுக்கு ஸ்ப்ரே கோட்டிங் அடிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் கேட்பது "எந்த கேன் நல்லது?" என்பதுதான். கேன் எல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பாகத்தின் ஓரத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெட்டிய தகடோ பிராக்கெட்டோ, ஓரம் கூராக இருந்தால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும், ஏனென்றால் ஈரப் பெயிண்ட் கூரான விளிம்பில் தங்காது, இரண்டு பக்கமும் பின்வாங்கிவிடும், மேலே எத்தனை கோட் ஏற்றியிருந்தாலும் விளிம்பில் பேருக்கு ஒரு மெல்லிய படலம்தான் மிஞ்சும். அரத்தால் நாலு இழுப்பு இழுத்து முனையை மழுக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இதை எந்த கேனின் லேபிளும் சொல்வதில்லை!

அடுத்தது எண்ணெய். உப்புத்தாள் போடுவதற்கு முன்பே எண்ணெயை எடுத்துவிட வேண்டும். மாற்றிச் செய்தால் கீறல்களுக்குள்ளேயே அழுக்கைத் தேய்த்து ஏற்றுகிறோம் என்று அர்த்தம். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, சுத்தமான தண்ணீரை ஊற்றிச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்தால் சரி. எங்காவது பிரிந்து முத்து முத்தாக நின்றால் அங்கே இன்னும் பிசுக்கு இருக்கிறது, மறுபடி கழுவத்தான் வேண்டும். உடனே துடைத்துக் காயவைத்து, கையுறை போட்டுக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்து, கடைசியாக அசிட்டோனில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. துணியை அடிக்கடி மாற்றுங்கள், இல்லையென்றால் அழுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். வார்ப்பு உலோகம் என்றால் நுண்துளைகளில் எண்ணெய் ஒளிந்திருக்கும், முதலில் ஒருமுறை சூடாக்கி அதை வெளியே கசியவிட்டுத் துடைப்பது நல்லது.

ஈரக்காற்று இன்னொரு எதிரி. பனிநிலையைவிட, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, உலோகம் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. குளிர்ந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படிந்திருந்தால் அதன் மேல் எதை அடித்தாலும் உரியும்.

அடிக்கும்போது பாகத்துக்கு வெளியே ஸ்ப்ரேயைத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போய் விரலை எடுங்கள். கம்பியில் தொங்கவிட்டால் எல்லாப் பக்கமும் எட்டும். தடிமனாக அடித்தால் உறுதி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நிஜத்தில் தடித்த கோட் மேலே காய்ந்து உள்ளே மிருதுவாகவே கிடக்கும், சின்ன இடி பட்டாலும் சில்லாகப் பெயரும். செராகோட் என்ற பிராண்டு மாதிரியான செராமிக் கோட்டிங்குகளே சுமார் 25 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஆனால் தேய்மானத்தை நன்றாகத் தாங்குகின்றன. இன்னொன்று, துளைக்குள் 25 மைக்ரான் படிந்தால் விட்டம் 50 மைக்ரான் குறையும், அதனால் மரையையும் பேரிங் உட்காரும் இடத்தையும் டேப் போட்டு மூடாமல் ஆரம்பிக்காதீர்கள்.

சாதாரண ஒற்றைக் கலவை ஸ்ப்ரே, வீட்டு கேட், ஸ்டாண்டு மாதிரியானவற்றுக்குப் போதும். பெட்ரோலோ பிரேக் ஆயிலோ படுகிற இடத்தில் அது கரைந்து பிசுபிசுக்கும், அங்கே டூ-கே வேண்டும், அதாவது பெயிண்டும் அதை இறுக்கும் ஹார்டனரும் கலக்கும் இரட்டைக் கலவை. கேனின் அடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் இருக்கும் குப்பி உடைந்து பெயிண்டோடு கலக்கும், அப்புறம் ஓரிரு நாளுக்குள் கேனே இறுகிவிடும், ஆகவே எல்லாப் பாகத்தையும் தயாராக வைத்துக்கொண்டு அழுத்துங்கள். டூ-கேயில் எப்பாக்சி, யூரித்தேன் என்று வகைகள் உண்டு. எப்பாக்சி வெயிலில் வெளுத்து மாவு பூக்கும். வெளியில் இருக்கப்போகிற பாகம் என்றால் அதற்கு மேலே யூரித்தேன் கோட் அவசியம்.

டூ-கே யூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளைச் சும்மா விட்டுவிட்டுப் போக முடியாது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா வரலாம், மூக்குக்கு வாசனை தெரியும் முன்பே அளவு மிஞ்சிவிடும். துணி மாஸ்க் எல்லாம் இதற்கு வெறும் அலங்காரம். வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அதை அடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், அந்த வேலையைப் பட்டறைக்கே கொடுத்துவிடலாம்.

சுட்டு இறுக்கும் கோட்டிங்கில், செராகோட்டின் எச் சீரிஸ் மாதிரியானவற்றுக்கு ஓவனில் 121 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம். அந்த 2 மணி நேரம் ஓவன் சூடானதிலிருந்து இல்லை, பாகம் அந்தச் சூட்டை எட்டியதிலிருந்து; கனமான இரும்பு எட்டுவதற்குத் தாமதமாகும். ரப்பர், பிளாஸ்டிக் புஷ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சமையல் ஓவனை இதற்கு எடுக்கவே கூடாது.

காற்றில் காயும் வகை என்றால் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மாட்டிவிடாதீர்கள், முழு இறுக்கம் வர வாரக்கணக்கில்கூட ஆகலாம். அதற்கு முன் போல்ட்டை முறுக்கினால் வாஷர் பெயிண்டுக்குள் அமுங்கி வட்டமாகத் தடம் பதித்துவிடும், அந்த வட்டத்திலிருந்தே பெயிண்ட் உரிய ஆரம்பிக்கும். கண்ணில் படாத ஒரு மூலையில் நகத்தால் அழுத்திப் பார்த்து, தடம் விழாவிட்டால் மாட்டுங்கள்.