தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி

வீடு தேடிப் போகும் செவிலியராக நான் முதலில் பார்ப்பது, அந்தப் பெண்ணோடு தனியாகப் பேச வழி இருக்கிறதா என்பதைத்தான். கணவர் பக்கத்தில் இருக்கும்போது "வீட்டில் யாராவது அடிக்கிறார்களா?" என்று கேட்டால், நான் கிளம்பியதும் அதற்கும் சேர்த்து அந்தப் பெண் அடி வாங்குவார். பேசப் பழகிய குழந்தைகூட அறையில் இருக்கக் கூடாது. கேட்டதை அப்படியே அப்பாவிடம் சொல்லிவிடும்.

ஒருவருக்குத் தீராத தலைவலி. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். தனியாகக் கேட்டபோது, கணவர் கழுத்தை நெரித்ததைச் சொன்னார். குரல் கம்மியிருந்தது, கழுத்தில் தடம் எதுவும் இல்லை. தடம் இல்லாமலே உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். சில நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினோம். கழுத்தை நெரித்தாரா, துப்பாக்கி வைத்திருக்கிறாரா என்றெல்லாம் கேட்டு உயிராபத்தைக் கணிக்கும் படிவத்தை 1980களில் உருவாக்கிய ஜாக்குலின் கேம்ப்பெல் ஒரு செவிலியர். அதில் எனக்குப் பெருமை உண்டு.

உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வசதியான வீடுகளிலும் அடி விழுகிறது. ஆனால் அங்கே காயம் குடும்பத்துக்குத் தெரிந்த மருத்துவரோடு முடிந்துவிடும், எங்கள் பதிவேட்டுக்கு வராது. ஏழை வீட்டுக் காயம்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு "அந்தப் பக்கத்து ஆட்களே அப்படித்தான்" என்று சொல்பவர்கள் எங்கள் துறையிலேயே இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரும். வறுமை நெருக்கடியைக் கூட்டுகிறது, உண்மைதான். அதைவிட, தப்பிக்கும் வழியை அது அடைத்துவிடுகிறது. வேறு வீட்டுக்கு முன்பணம் கட்டக் காசில்லை, அடையாள அட்டை கணவர் கையில், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. சரி, விட்டு வந்துவிடு என்று சொல்வது எளிது. பிரியும் சமயத்தில்தான் கொலை ஆபத்து கூடுகிறது என்பது தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டோம்.

அதனால் நான் முடிவு சொல்வதில்லை. அவர் சொல்வதை நம்புகிறேன், இன்று இரவு எங்கே பாதுகாப்பு என்று சேர்ந்து யோசிக்கிறேன். அப்புறம் அடையாள அட்டை, வாடகை உதவி, சட்ட உதவி என்று அலைகிறேன். காய்ச்சல் மருந்து கொடுப்பதைப் போலவே இதுவும் செவிலியர் வேலைதான். ஆனால் பணி அட்டவணையில் இதற்கென்று நேரம் ஒதுக்குவதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் நான் கேட்பது அந்த நேரத்தையும், மையத்தில் கதவு சாத்திப் பேச ஓர் அறையையும்தான்.