ஒரு பத்திக்காக எட்டு மாதம்

என் புத்தகம் போன வாரம் அச்சுக்குப் போய்விட்டது. எட்டு மாதம் ஒரே ஒரு பத்திக்காக மல்லுக்கட்டியது மட்டும் இன்னும் மனசில் ஆறவில்லை.

அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரத்தில் 1955 மார்ச் 2 அன்று, பள்ளி முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கிளாடெட் கால்வின் என்ற கறுப்பினப் பெண், வெள்ளைக்காரப் பெண்ணுக்காக எழுந்துகொள்ள மறுத்துக் கைதானார். வயது 15. இதே போல எழ மறுத்து உலகப் புகழ் பெற்ற ரோசா பார்க்ஸ் கைதானது அதற்கு ஒன்பது மாதம் கழித்து. நம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிளாடெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். தரவு சேர்த்தது, அத்தியாயம் பிரித்தது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

முதல் சறுக்கல் என்னுடையது. எங்கோ படித்ததை நம்பி, "கைதானபோது கர்ப்பமாக இருந்தார்" என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்த்த தோழி அந்த வரியைப் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் "கைது 1955 மார்ச், மகன் பிறந்தது 1956 மார்ச். மாதத்தை எண்ணிப் பாருடி" என்று எழுதியிருந்தாள். விரல் விட்டு எண்ணினேன். கர்ப்பமானது கைதுக்குப் பிறகுதான். இந்தத் தப்பு பல இடங்களில் கிடக்கிறது. இதைப் போல எழுதப் போகிறவர்கள், தேதிகளை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதி மேஜைமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சிக்கல் பதிப்பகத்தில் வந்தது. "மேடம், ஸ்கூல் லைப்ரரிக்குப் போற புக். கல்யாணம் ஆகாத பொண்ணு, குழந்தை, இதெல்லாம் வேண்டாம். அந்த ஒரு பத்தியை எடுத்துடுங்க, நாளைக்கே அச்சுக்கு அனுப்புறேன்" என்றார் பதிப்பாளர். அதை எப்படி எடுப்பது? பஸ்ஸில் நிறப்பிரிவினையை எதிர்த்த இயக்கத்தின் மூத்தவர்கள் கிளாடெட்டை முன்னிறுத்தத் தயங்கினார்கள். சின்னப் பெண், ஏழைக் குடும்பம் என்ற காரணங்களோடு பிறகு இந்தக் கர்ப்பமும் சேர்ந்துகொண்டது. ஆனால் 1956 மே மாதம், கைக்குழந்தையை வைத்திருந்த அதே பெண்தான் நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னார். பிரௌடர் எதிர் கேல் என்ற அந்த வழக்கில் வாதிகள் நான்கு பெண்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், மாண்ட்கமரி பஸ்களில் நிறப்பிரிவினையைச் சட்டப்படி ஒழித்தது அந்த வழக்குதான். குழந்தையை மறைத்தால் அவரை ஒதுக்கியவர்களோடு நானும் சேர்ந்தவளாகிவிடுவேன்.

நேரில் பேசலாம் என்று மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். "சார் வெளியூர்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். போனுக்கும் பதிலில்லை.

கடைசியில் கைகொடுத்தது பிள்ளைகள்தான். ஆசிரியை ஒருவரிடம் கேட்டு, அவர் வகுப்பில் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். 41 சீட்டு. கர்ப்பத்தைப் பற்றி ஒரே ஒரு சீட்டு: "பாப்பாவை யார் பார்த்துக்கிட்டாங்க?" கைதுப் பதிவு 2021இல்தான் அழிக்கப்பட்டது என்று படித்ததும், "66 வருஷமா மிஸ்?" என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கணக்குப் போட்டுக் கேட்டாள். அன்று கிளாடெட்டின் வரிசையில் இருந்த மற்ற மாணவிகள் எழுந்துவிட்டார்கள். அதிகம் பேர் கேட்டது அதைப் பற்றித்தான், நான் யோசிக்காத ஒன்று: "பக்கத்துல இருந்த பிள்ளைங்க மட்டும் ஏன் எந்திரிச்சாங்க?"

அதற்காகப் பஸ்ஸையே படமாக வரைந்தேன். 36 இருக்கை. முன்னால் 10 வெள்ளையருக்கு, பின்னால் 10 கறுப்பினத்தவருக்கு, நடுவில் 16 டிரைவர் சொல்கிறபடி. ஒரு வெள்ளையர் உட்கார வேண்டுமென்றால் அந்த வரிசையே எழ வேண்டும். படத்தைப் பார்த்த பிறகு அந்தப் பிள்ளைகளை யாரும் குறை சொல்லவில்லை.

சீட்டுகளை அப்படியே ஒரு கவரில் போட்டுப் பதிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்தாம் நாள் போன் வந்தது. "படிச்சேன் மேடம். பத்தி இருக்கட்டும்."

58ஆம் பக்கத்தில் இருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் பஸ் படம்.