பழைய ரிப்போர்ட் போதாது என்றார் டாக்டர்

அம்மாவுக்கு 2016-இல் மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் முடித்து, உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையை ஐந்து வருடம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டார். "அஞ்சு வருஷம் தாண்டிட்டா பயமில்ல" என்று சொந்தக்காரர்கள் சொன்னதை நாங்களும் நம்பினோம். 2023-இல் இடுப்பு வலித்தபோது தேய்மானம் என்று நினைத்து இரண்டு மாதம் தைலம் தேய்த்தோம். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பெட் ஸ்கேனில் புற்றுநோய் இடுப்பெலும்பில் பரவியிருந்தது தெரிந்தது. டாக்டர் பழைய ஃபைலில் ரிசப்டர் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தார். வளரச் சொல்லும் சைகையை வாங்கிக்கொள்ளும் புரதம்தான் ரிசப்டர்; கட்டியின் செல்லில் எது இருக்கிறது என்று அதில் இருக்கும். ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர்) பாசிட்டிவ், பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ரிசப்டர்) பாசிட்டிவ், வளர்ச்சியைத் தூண்டும் இன்னொரு ரிசப்டரான ஹெர்-2 நெகட்டிவ். ஹார்மோனைத் தின்று வளரும் வகை. இது நிதானமாகத்தான் வளரும், ஆனால் பதினைந்து, இருபது வருடம் கழித்தும் தலைகாட்டும். பரவினால் எலும்புக்குப் போவதுதான் அதிகம். இந்த மூன்று ரிசப்டருமே இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகை திரும்பினால் பெரும்பாலும் முதல் சில வருடங்களிலேயே திரும்பிவிடும். நுரையீரல், மூளை என்று போகும். ஐந்து வருடம் தாண்டினால் ஆபத்து நன்றாகக் குறைவது அவர்களுக்குத்தான். இதை 2016-லேயே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், வலி வந்த வாரமே டாக்டரிடம் ஓடியிருப்போம்.

மறுபடி பயாப்சி, அதாவது பரவிய இடத்தில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றதும் அம்மா அழுதுவிட்டார். "அதான் ரிப்போர்ட் இருக்கே" என்று நானும் கேட்டேன். பரவிய இடத்தில் ரிசப்டர் மாறியிருக்கலாம் என்றார் டாக்டர். ஈ.ஆர். போயிருந்தால் ஹார்மோன் மாத்திரையால் பலன் இருக்காது. ஹெர்-2 புதிதாக வந்திருந்தால் அதற்கென்றே ஊசி இருக்கிறது.

எலும்பு பயாப்சியில் ஒரு விஷயம் முக்கியம். எலும்புத் துண்டை அப்படியே சீவ முடியாது, முதலில் அதிலுள்ள கால்சியத்தைக் கரைக்க வேண்டும். அதற்குக் கடுமையான ஆசிட் போட்டால் ரிசப்டர் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். ரிசப்டர் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிய சீட்டை நானே லேபில் கொடுத்தேன். "அப்ப இ.டி.டி.ஏ.-ல ஊறவைக்கிறோம், நாள் கூடும்மா" என்றார்கள். அது கால்சியத்தை மெதுவாகக் கரைக்கும் மென்மையான மருந்து. ஆகட்டும் என்றேன். ஒப்பிட்டுப் பார்க்க, மெழுகில் பதித்த பழைய கட்டித் துண்டும் தேவைப்பட்டது. அந்த பிளாக்கை வாங்க முதலில் வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை அலைந்தேன்.

ரிசல்ட் வந்தது: ஈ.ஆர். இருக்கிறது, பி.ஆர். போய்விட்டது, ஹெர்-2 இரண்டு பிளஸ். இரண்டு பிளஸ் என்றால் இரண்டுங்கெட்டான். ஹெர்-2 ஜீன் கூடியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் செய்துதான் முடிவு சொல்வார்கள். அதற்குக் காத்திருந்த நாட்களில் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் நெகட்டிவ்.

லெட்ரோசோலோடு, புற்றுநோய் செல் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்லிப் மாத்திரையையும் ஆரம்பித்தார்கள். பால்போசிக்லிப்பை 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விட வேண்டும். அந்த வருடம்தான் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து, மற்ற கம்பெனிகளின் மாத்திரை வந்து விலை இறங்கியிருந்தது. இல்லாவிட்டால் எங்களால் முடிந்திருக்காது. வெள்ளை அணு குறைந்ததால் 125 மில்லிகிராமை 100 ஆக்கினார்கள். அம்மா இப்போது மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போடுகிறார். பழைய கட்டி, புது பயாப்சி என்று இரண்டு பிளாக்கையும் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.