60 நாள் தவறினால் 8 மணி நேரம்: நார்த் கரோலைனா பெர்மிட்டை இரண்டாம் முறை எழுதிய கதை

போன வாரம் கார்டு கைக்கு வந்துவிட்டது. நார்த் கரோலைனா கன்சீல்டு கேரி பெர்மிட், அதாவது கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் கூடவே வைத்துக்கொள்ள அனுமதி. புதுப்பித்து வாங்கியது இல்லை. முதல் தடவை வருபவர்களோடு 8 மணி நேர வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, சுட்டுக் காட்டி வாங்கியது. எழுத்துத் தேர்வில் இரண்டு கேள்வி போச்சு, ரேஞ்சில் (சுடும் மைதானத்தில்) 30க்கு 28. மார்க் ஒன்றும் மோசமில்லை. ஆனால் இந்தப் பரீட்சையை நான் எழுதியிருக்கவே வேண்டியதில்லை. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் காரம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை தேங்க்ஸ்கிவிங் லீவில் தொடங்குகிறது. நாங்கள் இருப்பது மோரிஸ்வில். மச்சான் வீடு மிச்சிகனில், நோவை பக்கம். காரில் பதினோரு, பன்னிரண்டு மணி நேரம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் போனில் பேசும்போது அவர் கேட்டார்: "மாப்ள, துப்பாக்கிய எடுத்துட்டு வர்றீங்களா?"

"ஆமா மச்சான், பெர்மிட்தான் இருக்கே."

"தேதி பாத்தீங்களா?"

பர்ஸிலிருந்து உருவிப் பார்த்தேன். ஜூலையோடு முடிந்திருந்தது. அப்போது நவம்பர் கடைசி வாரம்.

பெரிய அதிர்ச்சியெல்லாம் இல்லை, ஏனென்றால் பின்னாலேயே இன்னொரு கார்டு இருந்தது: யூட்டா. ஐந்து வருடம் முன்னால் வகுப்பு எடுத்தவர் "ஒரே வாரக் கடைசியில் ரெண்டு பெர்மிட்" என்று சேர்த்துக் கொடுத்தார், நானும் கூட ஒன்று இருக்கட்டும் என்று வாங்கி வைத்தேன். யூட்டா விண்ணப்பம் மெதுவாகப் போட்டதால் அந்தத் தேதி இன்னும் சில மாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கார்டு செத்தால் என்ன, இன்னொன்று உயிரோடு இருக்கிறதே என்பதுதான் என் கணக்கு. மச்சான் சிரித்தார். "அது உங்க ஊர் கார்டு இல்லையே மாப்ள."

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு மாநிலமாகப் படித்தேன். வர்ஜீனியாவில் பிரச்சினை இல்லை. வேறு மாநிலப் பெர்மிட் செல்லுபடியாக இருந்து, வயது 21 ஆகி, போட்டோ அடையாள அட்டையும் கையில் இருந்தால் ஏற்கிறார்கள். வெஸ்ட் வர்ஜீனியாவில் 2016 முதல், ஒஹையோவில் 2022 முதல் பெர்மிட்டே தேவையில்லை. அப்புறம் மிச்சிகன். அங்கே ஏற்பது, நீங்கள் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்களோ அந்த மாநிலம் கொடுத்த பெர்மிட்டை மட்டும். நான் நார்த் கரோலைனாவில் குடியிருக்கிறேன், கையில் இருப்பது யூட்டா கார்டு. எல்லையைத் தாண்டியதும் அது வெறும் பிளாஸ்டிக். கொலராடோவிலும் இதே கதைதான்.

வீட்டுப் பக்கத்திலாவது உதவுமா என்றால், அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று கூட்டரசுச் சட்டம் ஒன்று உண்டு. பெர்மிட் வைத்திருப்பவருக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த பெர்மிட்டாக இருக்க வேண்டும். எங்கள் தெருவிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஒரு பள்ளிக்கூடம்.

யூட்டா கார்டைப் புதுப்பிக்கலாம் என்றால், அவர்களும் சொந்த மாநிலத்தின் நடப்புப் பெர்மிட் நகலைக் கேட்கிறார்கள் (சொந்த மாநிலம் யூட்டா பெர்மிட்டை ஏற்கும் மாநிலமாக இருந்தால். நம்முடையது ஏற்கிறது). ஆக, கையில் இருந்தது இரண்டு பெர்மிட் இல்லை. ஒரு மரமும் அதன் மேல் ஒரு கொடியும்தான்.

துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு முறுக்கு டப்பாவோடு நோவைக்குப் போய் வந்தோம். வழியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை.

சரி, ஏன் மறந்தேன்? பெர்மிட் கொடுக்கும் ஷெரிஃப் (கவுன்டி போலீஸ் தலைவர்) அலுவலகம் காலாவதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் கடிதம் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அனுப்பியிருப்பார்கள், பழைய அபார்ட்மென்ட் முகவரிக்கு. வீடு வாங்கிக் குடிபோனபோது வங்கி, டிரைவிங் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், அமேசான் எல்லாவற்றிலும் முகவரியை மாற்றினேன். இதில் மாற்றவில்லை. 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்த விஷயம்.

எனவே வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த நான்கு எண்களைப் படியுங்கள்:

30: வீடு மாறினால் ஷெரிஃபுக்குத் தெரிவிக்க வேண்டிய நாள்.
45: காலாவதிக்கு முன்னால் அவர்கள் கடிதம் அனுப்பும் கெடு. புது விண்ணப்பத்தில், மனநல ஆவணங்கள் உட்பட எல்லாம் கைக்கு வந்தபின் முடிவு சொல்லவும் இதே 45தான்.
60: காலாவதியானபின் இதற்குள் போனால் வகுப்பிலிருந்து ஷெரிஃப் விலக்கு தரலாம். 'தரலாம்', அவ்வளவுதான். தவிர அந்த 60 நாளும் பெர்மிட் உயிரோடு இருப்பதாக அர்த்தம் இல்லை. வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.
90: காலாவதிக்கு முன்னால் புதுப்பிக்க விண்ணப்பிக்கும் காலம். இதற்குள் முறையாகப் போட்டுவிட்டால், பதில் வரும்வரை பழைய பெர்மிட் தேதி தாண்டியும் செல்லும்.

புதுப்பித்திருந்தால் 75 டாலரோடு முடிந்திருக்கும். புதிதாக என்றால் 80, கைரேகைக் கட்டணம், வகுப்புக் கட்டணம், ஒரு முழு சனிக்கிழமை. பணம் கிடக்கட்டும், அந்தச் சனிக்கிழமை பையனின் செஸ் போட்டி இருந்தது.

வகுப்பு எடுத்தவர் ஓய்வுபெற்ற டெபுடி, ஷெரிஃபின் கீழ் வேலை பார்த்தவர். நிதானமாகப் பேசுவார், ஆனால் சட்டப் பகுதிக்கு வந்ததும் குரல் மாறிவிடும். உயிர் போகும் அளவுக்கு பலத்தைப் பயன்படுத்த அவர் திரும்பத் திரும்பச் சொன்னது நான்கு: அது அவசியம் என்று நீங்கள் நம்ப வேண்டும், அந்த நம்பிக்கை நியாயமானதாக இருக்க வேண்டும், சண்டையை நீங்கள் தொடங்கியிருக்கக் கூடாது, தேவைக்கு மேல் போகக் கூடாது. இதை வைத்துத்தான் பாதிக் கேள்வி. வீட்டு வாசலில் நிற்கும் காரை ஒருவன் ஓட்டிக்கொண்டு போகிறான், சுடலாமா? கூடாது. சொத்து மட்டும் காரணமாகாது. என் பக்கத்தில் இருந்தவர் 'சுடலாம்' என்று எழுதிவிட்டு, வெளியே வந்து கால் மணி நேரம் வாதாடினார்.

எனக்குப் போன இரண்டு கேள்விகளில் ஒன்று மது பற்றியது. ஒரு பீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து கேரி செய்யலாமா என்ற மாதிரி வரும். உடம்பில் மது மிச்சம் இருக்கும்வரை கூடாது. இத்தனை மணி நேரம் என்று கணக்கே சட்டத்தில் இல்லை. நான் கணக்குப் போட்டேன். இன்னொன்று முகவரி மாற்றம். ஆமாம், அதேதான். 30க்குப் பதிலாக 45 என்று எழுதினேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, தோசையைத் திருப்பிப் போட்டார்.

மற்றவை, வேகமாக:

பழைய கேள்வித் தொகுப்பு வைத்துப் படிக்காதீர்கள். கைத்துப்பாக்கி வாங்க ஷெரிஃபிடம் தனி பர்சேஸ் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 2023 மார்ச்சில் ரத்தானது. நண்பர் அனுப்பிய பிடிஎஃபில் அது இன்னும் இருக்கிறது.
போலீஸ் பேச வந்தால் பெர்மிட் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது என்று நீங்களே சொல்ல வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்கும் மாநிலம் இது இல்லை.
எச்1பி விசாவில் இருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர, விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டத்தில் குற்றம். குடியுரிமையோ கிரீன் கார்டோ வந்தபின் யோசிக்கலாம்.
காலர் இல்லாத, கழுத்தை ஒட்டிய சட்டை போட்டுப் போங்கள். பக்கத்து லேனிலிருந்து தெறித்த சூடான தோட்டாக்கூடு என் காலருக்குள் விழுந்தது. துப்பாக்கி முனையைத் தரையை நோக்கியே பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். வகுப்பெடுத்தவர் அதற்கு மட்டும் கைதட்டினார்.

ரேஞ்ச் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். 3, 5, 7 கெஜத்தில் பத்துப் பத்து, மொத்தம் 30. 21 பட்டால் போதும். ஐந்து வருடம் முன்னால் என் குண்டுகள் எல்லாம் கீழே இடது பக்கம் போயின. வலக்கைக்காரருக்கு அப்படிப் போனால், வெடிக்கப் போகிறது என்று கை முன்கூட்டியே பயப்படுகிறது என்று அர்த்தம். இந்தத் தடவை மூன்று வாரம் தினமும் ராத்திரி பத்து நிமிடம், துப்பாக்கி காலியா என்று மூன்று முறை பார்த்து, தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, முன் சைட்டின் (குறி பார்க்கக் குழல் நுனியில் இருக்கும் சிறு மேடு) மேல் ஒரு பென்னி காசை வைத்து ட்ரிகரை இழுத்துப் பழகினேன். காசு விழக் கூடாது. முதல் வாரம் முழுக்க காசைச் சோஃபாவுக்கு அடியில்தான் தேடினேன். பதற்றமில்லாதவர்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம், எனக்குத் தேவைப்பட்டது.

விண்ணப்பம் கொடுக்கப் போனபோது கவுன்டரில் இருந்த அம்மா முதலில் கேட்டது, "இதுதானே இப்போதைய முகவரி?" இரண்டு முறை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

கார்டு வந்த அன்றே நகல் எடுத்து யூட்டா புதுப்பித்தலுக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. மச்சான் பொங்கலுக்கு இங்கே வருகிறார், அவருடைய மிச்சிகன் கார்டில் என்ன தேதி என்று இந்தத் தடவை நான் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார்.