கடல் படமும் இந்தி டப்பிங்கும்

பனி மொத்தமும் உருகினாலும் கடல் 70 மீட்டர் அளவுக்குத்தான் உயரும். ஆக, பனி உருகி உலகமே கடலில் மூழ்கிவிட்டதாகச் சொல்லும் 1995ஆம் ஆண்டு ஆங்கிலப் படம் 'வாட்டர்வேர்ல்ட்' அறிவியல் கணக்கில் தேறாது. அதைக் கிண்டிக்கொண்டிருந்தால் படம் பார்த்த மாதிரிதான்! இந்தி டப்பிங்கில் இந்தப் படம் எடுபடக் காரணம், நாயகன் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதுதான்.

முதல் காட்சியைப் பாருங்கள். தன் சிறுநீரையே ஒரு வடிகட்டும் கருவியில் ஊற்றிச் சுத்தம் செய்து குடிக்கிறான். ஒரு வசனம்கூட இல்லை, ஆனால் குடிநீருக்கு அந்த உலகில் என்ன மதிப்பு என்று புரிந்துவிடுகிறது. மண்ணை எடைபோட்டு வாங்கும் சந்தை, சிறுமியின் முதுகில் பச்சை குத்திய வரைபடம், நெம்புகோல்களை இழுத்ததும் பாய்மரம் எழும்பும் படகு எல்லாம் கண்ணுக்கான சங்கதிகள். அரைகுறை இந்தி போதும்.

டப்பிங்காரர்களுக்கும் இது வசதி. தூரக் காட்சிகளிலும் முதுகு காட்டி நிற்கும் இடங்களிலும் உதடு தெரியாது. வசனத்தை இஷ்டப்படி நீட்டலாம், குறுக்கலாம். முகம் நெருக்கமாக வந்தால்தான் வம்பு. ப, ம போல உதடு மூடும் ஒலிகள் திரையில் மூடும் உதட்டோடு சேர வேண்டும். சேராவிட்டால் மொழி தெரியாதவர்கூடப் பிடித்துவிடுவார்.

இசையும் பிற ஒலிகளும் வசனம் இல்லாத தனித் தடமாகக் கிடைக்கும். இந்திக் குரலை அதன்மேல்தான் ஏற்றுகிறார்கள். படப்பிடிப்பில் வசனத்தோடு பதிவான கூட்டத்தின் கூச்சல் அந்தத் தடத்தில் விடுபட்டிருந்தால், மிதக்கும் ஊரைக் கொள்ளையர்கள் தாக்கும் காட்சியே ஆளில்லாத ஊர்போல ஒலிக்கும். இன்னொரு கோளாறு, காற்றில் கத்த வேண்டிய வசனத்தை மைக் அருகே நின்று சாதாரணமாகப் பேசுவது. பிறகு ஒலியளவை எவ்வளவு ஏற்றினாலும் அது கத்தலாகாது. கத்தும்போது தொண்டையின் ஒலித்தன்மையே மாறிவிடும். வில்லன் குரலில் இந்தக் குறை வராது. அவனுக்குக் கிடைக்கும் நக்கலும் உரத்த பேச்சும் இந்திக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி.

டிவியில் வந்த இந்தி ஒலியைப் புளூ-ரே வட்டின் படத்தோடு சேர்த்து வீட்டில் பார்ப்பவர்கள் திணறுவது வேறு இடத்தில். பழைய டிவி டப்பிங் நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படச்சட்டம்) கணக்கில் இருக்கும். புளூ-ரே படம் பெரும்பாலும் 23.976. இரண்டையும் அப்படியே சேர்த்தால் நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை நொடி ஒலி முந்தி ஓடும். 135 நிமிடப் படத்தில் கடைசியில் ஐந்தரை நிமிடம்! விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஜே, கே விசைகள் 50 மில்லிநொடி வீதம் ஒலியை முன்பின் தள்ளும். ஆனால் வரவர விலகும் ஒலிக்கு அது மருந்தாகாது. ஒலிக்கோப்பின் வேகத்தை 95.9 சதவீதமாக்க வேண்டும். 96 என்று முழுசாக்கினால் மணிக்குச் சுமார் மூன்றரை நொடி மறுபடி விலகும். டிவிக்காக வேகம் கூடியபோது சுருதியும் ஏறியிருந்தால் வேகத்தோடு அதையும் இறக்குங்கள்; குரல் இயல்பாகவே இருந்தால் சுருதியைத் தொடாமல் நீளத்தை மட்டும் கூட்டுங்கள்.

நேர்கோடாக விலகாமல் திடீரென ஓரிடத்தில் தாவினால், டிவிக்காக அங்கே காட்சி வெட்டப்பட்டிருக்கும். அந்த இடத்துக்கு மூல ஒலியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுவதுதான் வழி. இந்தப் படத்தில் அது பல நேரம் வெறும் அலையோசையாகவே இருக்கும் என்பதால் ஒட்டுப் போட்டது தெரியாது.