உமிழ்நீர்ச் சுரப்பி ஒப்பரேஷன்: கத்தியை விடக் கடதாசிதான் படுத்தியது

வலது தாடைக்குக் கீழே இருந்த உமிழ்நீர்ச் சுரப்பியை ஒருவழியாக எடுத்தாயிற்று. சாப்பாட்டில் கை வைத்தாலே வீங்கும். பிறகு மெல்ல வற்றும். இடைக்கிடை சீழ் வைத்துக் காய்ச்சலும் வரும். தேசிக்காய் உறிஞ்சுங்கோ, தடவிவிடுங்கோ, தண்ணி நிறையக் குடியுங்கோ என்று அன்டிபயோட்டிக் குளிசையும் தந்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அதுவும் கேட்கவில்லை.

காரணம் கல். உமிழ்நீர்க் கற்களில் 100க்கு 80 அளவில் இந்தச் சுரப்பியில்தான் வரும். இங்கே ஊறுகிற நீர் தடிப்பு, குழாயும் கீழிருந்து மேலே ஏறிப் போகிறது. கல் நாக்குக்குக் கீழே முன்பக்கமாக நின்றால் வாய்க்குள்ளாலேயே கீறி எடுத்துவிடலாம். என்னுடையது சுரப்பிக்குள்ளேயே இருந்தது. வருஷக்கணக்கான அழற்சியில் சுரப்பியும் இறுகிப் போயிருந்ததால் முழுதாக எடுக்கத்தான் வேண்டும் என்றார் ஈஎன்டி டொக்டர்.

இனித்தான் கூத்து. சிடி ஸ்கேனை வெளியில் காசு கொடுத்து எடுத்தேன். தந்தது ஒரு ரிப்போர்ட்டும் ஸ்கேன் படங்கள் பதிந்த ஒரு சீடீத் தட்டும். கிளினிக்கில் இருந்த கம்ப்யூட்டரில் சீடீ போட இடமே இல்லை! “பிலிமா அடிச்சுக்கொண்டு வாங்கோ” என்றார்கள். வெள்ளவத்தைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்து பிலிமும் அடித்தாயிற்று. அட்மிஷன் அன்று கிளார்க் ரிப்போர்ட்டையும் ஐடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது வேற ஆள்” என்றார். ஸ்கேனுக்குப் போனில் புக் பண்ணியபோது என் பெயரின் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு ‘எச்’சை விட்டுவிட்டுப் பதிந்திருக்கிறார்கள். அப்பாவின் பெயரும் சேர்ந்து நீளும் நம்முடைய பெயர்களில் இது நடக்காவிட்டால்தான் அதிசயம். திருத்தக் கிளினிக் கடிதம் வேண்டுமாம், கிளினிக்கோ அடுத்த கிழமை. கட்டில் கைவிட்டுப் போச்சு.

காப்பாற்றியது ஒரு சின்ன டொக்டர் தங்கச்சி. தன் லெப்டொப்பில் சீடீயைப் போட்டு, பிறந்த திகதியை ஒப்பிட்டு, ரிப்போர்ட்டின் ஓரத்தில் ‘ஒரே நோயாளி’ என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்தார். அடுத்த லிஸ்டிலேயே பெயர் ஏறியது. ஸ்கேன் எடுக்கப் போனால் ஐடியைக் கையில் கொடுத்துப் பதிவியுங்கள். பிலிமையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

ஒப்பரேஷன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முழு மயக்கம், கழுத்தில் ஒரு கீறல், பக்கத்தில் ரத்தநீர் வடிகிற ஒரு சின்னக் குழாய். வடிவது குறைந்ததும் மிசி (நர்ஸ்) வந்து உருவிவிட்டார். அந்த ஒரு நொடி மட்டும் பல்லைக் கடித்தேன்.

கையெழுத்துப் போட முன் நரம்புகளைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கீழ் உதட்டை இறக்கும் நரம்பு, நாக்கின் உணர்ச்சிக்கு ஒன்று, நாக்கை அசைக்க ஒன்று, மூன்றும் அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் போகின்றன. எனக்குச் சிரித்தால் உதடு ஒரு பக்கம் இறங்கவில்லை. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை, இப்போது மெல்லச் சரிவருகிறது. வாய் காயாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மற்றச் சுரப்பிகள் இருக்கின்றன, காயவில்லை.

வெட்டியதைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட்டை யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள், நீங்கள்தான் டயக்னோசிஸ் கார்ட்டோடு (வீட்டுக்கு அனுப்பும்போது நோய் விபரம் எழுதித் தரும் அட்டை) போய்க் கேட்க வேண்டும். எனக்கு வந்தது நாட்பட்ட அழற்சி மட்டும்தான், புற்று ஒன்றும் இல்லை. பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் கவுண்டரை விட்டு நகர்ந்தேன்.